36 கொண்டை ஊசி வளைவும் ஒரு செட் பிரேக் பேடும்: கல்லட்டிக்கு இறங்கும் முன் தலைகுந்தாவில் ஒரு காலை

வெளியூர் கார்களும் கல்லட்டி வழியாகத் தாராளமாக இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், மசினகுடி வந்து சேர்ந்ததும் பலருடைய மூக்கில் முதலில் ஏறியது காட்டு வாசனை அல்ல, கருகல் வாசனை. என்ஜினில்தான் ஏதோ கோளாறு என்று பதறிப்போய் பானெட்டைத் திறப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. வாசனை வந்தது முன்சக்கரங்களிலிருந்து. பின்சீட்டில் இருந்தவர்கள் மானும் மயிலும் தேடிக்கொண்டு வந்த அத்தனை நேரமும், ஓட்டுநரின் வலது கால் பிரேக்கை விட்டு நகரவே இல்லை என்பதற்கான சாட்சி அது.

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் ஆறேழு கிலோமீட்டர் போனால் தலைகுந்தா. நேரே போனால் பைக்காரா, கூடலூர். வலது பக்கம் பிரிவதுதான் கல்லட்டி சாலை. மேலே கேரட் தோட்டமும் தைல மரமும் பனியும். கீழே முள்ளும் புதரும் வெயிலும். இரண்டுக்கும் நடுவே 36 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் மசினகுடியில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இந்த வழியில் சுமார் 30 கிலோமீட்டர்தான். கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றினால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் குறுக்குவழி ஆசையில்தான் எல்லோரும் கல்லட்டியைப் பார்த்தார்கள்.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் இந்த வழியில் இறங்கினார்கள். கார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தபோது ஐந்து பேர் உயிருடன் இல்லை. இருவர் மட்டும் மீட்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடு இறுகியது. வெளியூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகள் மசினகுடியிலிருந்து ஏறி வரலாம், தலைகுந்தாவிலிருந்து இறங்கக் கூடாது. இறங்குவதற்கு நீலகிரியின் டி.என் 43 வேண்டும். அதனால் இன்று இந்த இறக்கம் பெரும்பாலும் உள்ளூர் டாக்ஸி ஓட்டுநர்களின் பொறுப்பு.

அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவரின் வீட்டு வாசல் அது. தலைகுந்தாவை ஒட்டிய ஒரு சின்னத் தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பனி இன்னும் விலகவில்லை. வாசலில் ஒரு வெள்ளை கார். பக்கத்தில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், இரண்டு செங்கல், பழைய பேப்பர், ஒரு ஃபிளாஸ்க் டீ. இருபது வருடத்துக்கும் மேலாக இதே மலையில் ஓட்டுகிறவர் மாமா. அக்கா மகன் சமீபத்தில்தான் டாக்ஸி ஓட்டத் தொடங்கியவன். கார் மாமாவுடையது. ஓட்டுவது பெரும்பாலும் மருமகன். எட்டரை மணிக்கு ஊட்டியில் ஒரு குடும்பம் காத்திருக்கும், மசினகுடிக்கு.

முந்தின நாள் மாலை, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து 'கீச்'சென்று ஒரு சத்தம். பெரும்பாலான பிரேக் பேடுகளில் ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். 'என்னை மாற்று' என்று கார் வாய்விட்டுச் சொல்லும் ஒரே இடம் அநேகமாக இதுதான்.

"நேத்தே வீல் ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேன் மாமா. பேடு இன்னும் பாதி இருக்கு. மழைத்தண்ணி பட்டிருக்கும், அதான் சத்தம். இன்னிக்கு டிரிப்ப முடிச்சிட்டு நாளைக்கு மாத்திக்கலாம்" என்பது மருமகனின் வாதம்.

மாமா பதில் சொல்லவில்லை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல்லை வைத்தார். கார் தரையில் நிற்கும்போதே முன்சக்கரத்தின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தினார். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சேர்ந்து சுற்றும், காரும் ஆடும். அப்புறம்தான் ஜாக்கி. கார் எழுந்ததும் அடிச்சட்டத்துக்குக் கீழே ஓர் இரும்பு ஸ்டாண்டு வைத்தார். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. ஸ்டாண்டு இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் தள்ளிவைத்தார், ஒருவேளை ஸ்டாண்டும் நழுவினால் சக்கரமாவது தாங்கும் என்று.

சக்கரம் போனதும் உள்ளே இருப்பது எளிமையான சமாசாரம். பளபளக்கும் இரும்புத் தட்டு, அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுபோல் ஒரு வார்ப்பு இரும்புக் கூடு, அதுதான் காலிப்பர். கூட்டுக்குள் டிஸ்க்கின் உள்பக்கம் ஒரு பேடு, வெளிப்பக்கம் ஒரு பேடு. காலால் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் பிஸ்டன் நகர்ந்து உள்பக்கப் பேடை அழுத்தும். அதே விசையில் கூடு முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்தும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்க ஏற்பாடு இதுதான்.

மாமா கீழ் போல்ட்டைக் கழற்றி, கூட்டைக் கதவு மாதிரி மேலே தூக்கி, கம்பியால் கட்டிவைத்தார். அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. பேடுகளை உருவி பேப்பரின் மேல் வைத்தார்.

வெளிப்பக்கப் பேடில் மருமகன் சொன்னதுபோலவே பாதி மீதி இருந்தது. உள்பக்கப் பேடில் ஒன்றுமே இல்லை. பின்தகட்டின் மேல் காகிதம்போல ஒரு படலம். ஓர் ஓரத்தில் இரும்பே எட்டிப் பார்த்தது.

மருமகன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "ஒரே வீல்ல எப்படி மாமா?"

மாமா கூட்டின் பின்னைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. திருகி, தட்டி, மூன்றாவது முயற்சியில் வந்தது. கிரீஸ் காய்ந்து, துரு ஏறி இறுகியிருந்தது. விஷயம் இவ்வளவுதான். பின் வழுக்காவிட்டால் கூடு நகராது. கூடு நகராவிட்டால் வெளிப்பக்கப் பேடுக்கு வேலை இல்லை. எல்லாப் பாரத்தையும் உள்பக்கப் பேடே சுமக்கும். டார்ச் அடித்துப் பார்க்கிற கண்ணுக்குத் தெரிவதோ வெளிப்பக்கப் பேடு மட்டும். நீலகிரியில் மட்டுமல்ல, எங்கேயும் வீட்டு வாசலில் நின்று 'பேடு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்கிறவர்கள் பாதிப் பேர் பார்ப்பது இந்த வெளிப்பக்கத்தைத்தான்.

புதிய பேடில் உராயும் பகுதி சுமார் பத்து மில்லிமீட்டர் இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். சமவெளியில் ஓடுகிற காருக்கு ஒரு செட் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் வரும். மலையில் அந்தக் கணக்கு எடுபடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஆட்களும் மூட்டை முடிச்சுமாக ஒரு காரின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் உயரம் ஆயிரம் மீட்டருக்கும் அதிகம். கணக்குக்கு ஆயிரம் போதும். அந்த உயரத்தில் காருக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் ஆற்றல் சுமார் 1.47 கோடி ஜூல். கீழே போய்ச் சேரும்போது அது எங்காவது கழிந்தாக வேண்டும். எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டினால், சுமார் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற சூடு அது. கல்யாண வீட்டு அண்டா ஒன்று என்று சொல்லலாம். அந்தச் சூட்டின் பெரும்பகுதி முன்பக்க டிஸ்க் இரண்டில் போய் இறங்கும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே காரை ஒரேயடியாக நிறுத்துவதில் பிறக்கும் சூட்டைப்போல 25 மடங்கு!

சூடு ஏறினால் இரண்டு வழியில் பிரேக் கைவிடும். பேடுக்குள் இருக்கும் பிசின் கருகி, உராய்வு குறைந்துபோவது ஒரு வழி. மிதித்தால் பெடல் கட்டையாக இருக்கும், வண்டி நிற்காது. இன்னொன்று இதைவிட மோசம். எல்லோரும் பிரேக் ஆயில் என்று சொல்கிற திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் சேர்ந்துவிட்டால் 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. கொதித்தால் குமிழி. குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், அழுத்தம் பேடுக்குப் போகாது. பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொடும். ஈரமான நீலகிரியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது கம்பெனிக்காரர்களின் வியாபாரத் தந்திரம் இல்லை.

அதனால்தான் இங்கே எல்லோரும் கியரைப் பற்றியே பேசுகிறார்கள். இறக்கத்தில் முதல் கியர், அதிகம் போனால் இரண்டாவது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினே வண்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். அண்டா சூட்டில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும். பிரேக் வளைவுக்கு வளைவு சற்று அழுத்தி விடுவதற்கு மட்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களும், இன்னும் ஒரு படி மேலே போய் என்ஜினையே அணைக்கிறவர்களும் உண்டு. என்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக்கின் உதவி விசையும் தீர்ந்துவிடும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். மிச்சம் பிடித்த பெட்ரோல் யாருக்கு ஆகும்?

மலைக்கும் பிரேக்குக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தின் டார்பிஷயரில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மேட்டுப் பகுதி. அங்கே சரக்கு வண்டிக்காரர்கள் இறக்கத்தில் குதிரை வண்டியைப் பிடிக்க, மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்து ஒட்டிக்கொள்வார்களாம். அதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், இதைவிட நல்ல உராய்வுப் பட்டையைச் செய்தால் என்ன என்று யோசித்து 1897-ல் இறங்கியதுதான் ஃபெரோடோ நிறுவனத்தின் தொடக்கம். இன்று உலகம் முழுக்க ஓடும் பிரேக் லைனிங்குகளின் முன்னோர்களில் ஒன்று அந்தப் பூட்ஸ் தோல்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் குன்னூருக்கு வரும் மலை ரயிலைப் பாருங்கள். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். என்ஜின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான் இருக்கும், பெட்டிகள் உருண்டுவிடாமல் தாங்கிக்கொள்ள. அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி முன்மேடையில் பிரேக்காளர் ஒருவர் நிற்பார். விசில் சத்தம் கேட்டுக் கையால் பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதும் அவர் வேலை. குழந்தைகள் அவருக்கு டாட்டா காட்டுவார்கள். அவர் பெரும்பாலும் திருப்பிக் காட்ட மாட்டார். கை வேலையில் இருக்கும்.

தலைகுந்தா வாசலில் இப்போது ஏழு மணி. மருமகன் உற்சாகத்தில் குனிந்து, காலிப்பரில் படிந்திருந்த கறுப்புத் தூசியை வாயால் ஊதப் போனான். மாமா சட்டையைப் பிடித்து இழுத்தார். பிரேக் தூசி நுரையீரலுக்குள் போகிற அளவு நுண்மையானது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அவ்வளவே.

பின்கள் இரண்டையும் துருவெடுத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவினார். வீட்டில் கிடக்கும் சாதா கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைக்கும், சூட்டில் உருகி பேடிலும் ஒழுகலாம். பேடில் எண்ணெய் பட்டால் அந்தப் பேடு குப்பைக்குத்தான். டிஸ்க்கை விரலால் தடவிப் பார்த்தார். மேலோட்டமான கீறல்கள். ஆழமான பள்ளமோ நீலத் திட்டுகளோ இல்லை. நீலம் என்றால் அளவுக்கு மீறிச் சூடேறியது என்று பொருள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பொதுவாக அதன் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். இந்த டிஸ்க் தப்பித்தது.

அடுத்தது பிஸ்டனைப் பின்னால் தள்ளுவது. புதுப்பேடு தடிமன், பிஸ்டன் வெளியே நிற்கும், அப்படியே நுழையாது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியை எடுத்துவிட்டு, பழைய பேடை பிஸ்டன்மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெல்ல இறுக்கினார் மாமா. பிஸ்டன் உள்ளே போகப் போக டப்பாவில் ஆயில் ஏறும். மருமகனின் வேலை அதையே பார்த்துக்கொண்டிருப்பது. ததும்பி வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும். புதுப்பேடுகள் உட்கார்ந்தன. 'கீச்' தகடு உள்ள பேடு, பழையது இருந்தபடியே உள்பக்கம். கூடு இறங்கியது, போல்ட் இறுகியது, சக்கரம் ஏறியது. நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கடைசி இறுக்கு கார் தரையில் இறங்கிய பிறகு.

அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் இதே வேலை. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கொண்டை ஊசி வளைவில் அது எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து விதி மாறும்.

வீட்டில் இதைச் செய்யத் துணிகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. எல்லாம் முடிந்ததும் காரை நகர்த்தும் முன், நின்ற இடத்திலேயே பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். முதல் மிதி தரை வரை போகும். பிஸ்டன் பின்னால் போயிருக்கிறதல்லவா? நான்கைந்து மிதியில் பெடல் கெட்டியாகும். இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்து மதில்சுவரில் சாத்தியவர்கள் பலர். கெட்டியானதும் ஆயில் அளவைச் சரிபார்த்து மூடியைப் போட வேண்டும். பெடல் கெட்டியாகவே இல்லை, எங்கோ கசிகிறது, பின்பக்கம் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார், இப்படி எதுவாக இருந்தாலும் வாசலில் மல்லுக்கட்டாமல் மெக்கானிக்கிடம் போய்விடுவது உத்தமம்.

எட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம். கார் தயார். மருமகன் கையைக் கழுவிக்கொண்டு சாவியை எடுத்தான். "எட்டரைக்கு ஊட்டியில இருந்துடலாம் மாமா."

"மசினகுடிக்கு இன்னிக்குப் போக வேணாம்டா."

அவனுக்குப் புரியவில்லை. பேடு புதுசு, பின் புதுசுபோல ஆகிவிட்டது, பிரேக் கெட்டியாகப் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிரிப்பை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அத்தையும், "அதான் மாத்தியாச்சே, பையன் போகட்டுமே" என்றார்.

புதுப்பேடின் முகமும் பழைய டிஸ்க்கின் முகமும் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்காது. மேடு பட்ட இடம் மட்டும் தொடும். மெதுவான வேகத்தில் லேசாகப் பிடித்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடித்து என்று இருபது முப்பது தடவை பழக்கினால்தான் முழு முகமும் படியும். அதற்கு முன் நீண்ட இறக்கத்தில் இறக்கினால் மேல்பூச்சு கண்ணாடிபோல இறுகி வழுக்க ஆரம்பித்துவிடும். பேடு பாக்கெட்டுகளிலும் கார்க் கையேடுகளிலும் இது எழுதியே இருக்கும். படிக்கிறவர்கள் குறைவு.

மாமா போனை எடுத்து, அதே தெருவில் இருக்கும் இன்னொரு ஓட்டுநரை அழைத்தார். "தம்பி, ஊட்டியில ஒரு ஃபேமிலி, மசினகுடி. நீ எடுத்துக்கிறியா? வாடகை பேசியாச்சு, அப்படியே உனக்குத்தான்." பிறகு அந்தக் குடும்பத்துக்கும் போன் செய்து வேறு வண்டி வருவதாகச் சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள்போல. "பிரேக் இப்பதாங்க மாத்தினோம். பழகணும்ங்க" என்றார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் நன்றி சொன்னார்கள் என்று மாமாவின் முகத்திலிருந்து தெரிந்தது.

மருமகன் கழற்றிய பேடுகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடப் போனான். மாமா உள்பக்கப் பேடை மட்டும் வாங்கி, டேஷ்போர்டு டிராயருக்குள் வைத்தார்.

கார் கிளம்பியது. செக்போஸ்ட் முனையில் வலது பக்கம் திரும்பாமல் நேரே, ஓரளவு சமமான பைக்காரா சாலையில். மணிக்கு நாற்பதில் போய், லேசாகப் பிரேக் பிடித்து, விட்டு, மறுபடி நாற்பது. பின்னால் வந்த சுற்றுலா வேன் ஒன்று பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. மருமகன் ஓரம் கட்டி வழிவிட்டு, எட்டாவது தடவை பிரேக்கை மிதித்தான்.